மறு வாக்கெடுப்பு: எந்த மாடல் ஓடும், எது காலை வாரும்

ஒரு நாடு இரண்டாகப் பிளந்து நிற்கும்போது மட்டும் விற்பனைக்கு வரும் சரக்கு இது. 52க்கு 48 என்று முடிவு வந்த மறுநாளே, “இன்னொரு தடவை கேட்டுப் பார்த்துவிடலாமே” என்று தோற்ற தரப்பு ஆர்டர் கொடுக்கத் துடிக்கும். “தோற்றவனுக்கு மட்டும் இரண்டு சான்ஸா?” என்று ஜெயித்த தரப்பு கடையையே மூடச் சொல்லும். இரண்டு தரப்பும் பெட்டியைப் பிரித்துப் பார்ப்பது அபூர்வம். டென்மார்க், அயர்லாந்து, நியூசிலாந்து, நியூ கலிடோனியா என்று பல இடங்களில் இது ஏற்கெனவே ஓடியிருக்கிறது. எங்கே நன்றாக ஓடியது, எங்கே புகைந்தது, எந்தப் பாகம் முதலில் கழன்றது என்பதெல்லாம் பதிவில் இருக்கிறது. அதை வைத்துத்தான் இந்த மதிப்புரை.

அவசரக்காரர்களுக்கு முதலிலேயே மார்க் போட்டுவிடலாம். நியூசிலாந்து 1992-93: ஐந்துக்கு நாலரை. டென்மார்க் 1993: நாலு. அயர்லாந்து 2002, 2009: மூன்றரை. நியூ கலிடோனியா 2021: ஒன்று, அதுவும் வாக்குச்சாவடியைத் திறந்து வைத்ததற்காக. பிரிட்டன் மூன்று வருடம் விலை விசாரித்துவிட்டு வாங்காமலே போன மாடலுக்கு மார்க் கிடையாது. அதன் வரைபடம் மட்டும் கைவசம் இருக்கிறது. கீழே பிரித்துப் போட்டிருக்கிறோம்.

பெயரைச் சரியாகச் சொல்லிக் கேளுங்கள்

மறு எண்ணிக்கை, மறு வாக்குப்பதிவு, மறு வாக்கெடுப்பு மூன்றும் வேறு வேறு சரக்கு. மறு எண்ணிக்கையில் சீட்டு அதேதான், எண்ணும் கை மட்டும் மாறும். மறு வாக்குப்பதிவில் கேள்வியும் அதேதான். முதல் தடவை நடத்திய விதத்தில் ஓட்டை இருந்ததால் அது ரத்தாகித் திரும்ப நடக்கிறது. ஆஸ்திரியாவில் 2016 மே மாதம் நடந்த அதிபர் தேர்தலின் இறுதிச் சுற்று அப்படித்தான் ரத்தானது. வித்தியாசம் 30,863 வாக்கு. தபால் வாக்குகளைக் கையாண்டதில் விதிமீறல் என்று அரசியல் சாசன நீதிமன்றம் சொல்லிவிட்டது. அக்டோபர் 2 அன்று மறு வாக்குப்பதிவு என்று குறித்தார்கள். தபால் உறைகளின் பசை பிடிக்காமல் வாய் பிளந்துகொண்டதால் அது டிசம்பர் 4க்குத் தள்ளிப்போனது. அதிபர் யார் என்பதை இரண்டு மாதம் பசை தீர்மானித்தது.

மறு வாக்கெடுப்பு இந்த இரண்டிலும் சேராது. முதல் வாக்கெடுப்பு ஒழுங்காக நடந்தது, முடிவும் செல்லும். இருந்தும் அதே விஷயத்தை இன்னொரு தடவை மக்களிடம் கொண்டுபோவதற்குப் பெயர்தான் மறு வாக்கெடுப்பு. இதை நீதிமன்றத்தில் கேட்டு வாங்க முடியாது. நாடாளுமன்றம் சட்டம் போட்டால்தான் உண்டு.

எல்லைக்கோட்டில் நிற்கும் ஒரு கேஸ் ஸ்விட்சர்லாந்தில் இருக்கிறது. மணமான தம்பதிகள் மீதான கூடுதல் வரிச்சுமையை நீக்கக் கோரிய முன்மொழிவு 2016 பிப்ரவரி 28 அன்று 50.8 சதவீத எதிர்ப்பில் தோற்றது. பாதிக்கப்படும் இரட்டைச் சம்பளத் தம்பதிகள் சுமார் 80,000 என்று அரசு வாக்காளர்களுக்குச் சொல்லியிருந்தது. இரண்டு வருடம் கழித்து அரசே திருத்திக்கொண்டது: 4,54,000. 2019 ஏப்ரலில் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் அந்த வாக்கெடுப்பைச் செல்லாது என்றது. கூட்டாட்சி அளவிலான வாக்கெடுப்பு ஒன்று அங்கே ரத்தானது அதுவே முதல் தடவை. சரி, திரும்ப நடந்ததா என்றால் இல்லை. முன்மொழிந்த கட்சியே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. திருமணம் என்றால் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில்தான் என்று பழைய வாசகத்தில் எழுதியிருந்தார்கள். மாறிவிட்ட காலத்தில் அதைத் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்க அவர்களுக்கே தயக்கம். ரத்தாகும் வாக்கெடுப்பு, எழுதியபடியே அதே வாசகத்தோடுதான் திரும்ப வரும் என்பதை இந்தச் சரக்கை ஆர்டர் செய்பவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

டென்மார்க் மாடல், திருகு திருகாக

இந்த வகையிலேயே அதிகம் பிரதி எடுக்கப்பட்டது இதுதான். அதிகம் தப்பாகப் பிரதி எடுக்கப்பட்டதும் இதுதான்.

1992 ஜூன் 2. ஐரோப்பிய ஒன்றியத்தை உருவாக்கிய மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்துக்கு டேனிஷ் மக்கள் 50.7 சதவீதம் ‘இல்லை’ என்றார்கள். வாக்குப்பதிவு 83 சதவீதம், ஆகவே “யாரும் வரவில்லை” என்ற சாக்குக்கு இடமில்லை. பன்னிரண்டு நாடுகளும் ஏற்றால்தான் ஒப்பந்தம் உயிர்பெறும். அடுத்த பதினொரு மாதத்தில் நடந்ததைத் தேதிவாரியாகப் பார்த்தால்தான் இயந்திரம் புரியும்.

முதல் வேலை, ‘இல்லை’ போட்டவர்களுக்கு எது உறுத்தியது என்று கண்டுபிடிப்பது. அக்டோபரில் டேனிஷ் நாடாளுமன்றத்தின் எட்டுக் கட்சிகளில் ஏழு சேர்ந்து ‘தேசிய சமரசம்’ என்ற ஓர் ஆவணத்தை எழுதின. அந்த ஏழில் ஒன்று சோஷலிஸ்ட் மக்கள் கட்சி. ஜூனில் ‘இல்லை’ பிரசாரம் செய்த கட்சி அது. மொத்த இயந்திரத்திலும் விலை உயர்ந்த பாகம் இதுதான்: எதிர்த்து ஜெயித்தவர்களே அடுத்த சீட்டின் வாசகத்தை எழுத உட்கார்ந்தார்கள்.

இரண்டாவது, அந்த ஆவணத்தை டிசம்பர் 11, 12 தேதிகளில் எடின்பரோ உச்சி மாநாட்டுக்குக் கொண்டுபோய் நான்கு விலக்குகளாக மாற்றி வாங்கினார்கள். பொது நாணயம், பாதுகாப்பு, நீதி மற்றும் உள்துறை, ஒன்றியக் குடியுரிமை. மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். மாற்றியிருந்தால் மற்ற பதினொரு நாடுகளும் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். டென்மார்க்குக்கு மட்டும் பொருந்தும் தனித் தீர்மானமாக எழுதி ஓரத்தில் ஒட்டினார்கள்.

மூன்றாவது யாரும் திட்டமிடாதது. 1993 ஜனவரியில் அரசே மாறியது. பிரதமர் பொல் ஷ்லூட்டர் ராஜினாமா செய்தார். காரணம் ஐரோப்பா அல்ல. இலங்கைத் தமிழ் அகதிகளின் குடும்பத்தினர் டென்மார்க் வந்து சேர்வதை நீதி அமைச்சர் சட்டத்துக்குப் புறம்பாக நிறுத்தி வைத்தது அம்பலமான விவகாரம். டேனிஷ் அரசியல் வரலாற்றில் அதன் பெயரே ‘தமிழர் வழக்கு’. முதல் வாக்கெடுப்பில் தோற்ற முகமே திரும்ப வந்து கெஞ்சும் சங்கடம் அப்படித்தான் விலகியது. சமூக ஜனநாயகக் கட்சியின் பொல் நூருப் ராஸ்முசன் புதிய பிரதமராகி இரண்டாவது வாக்கெடுப்பை நடத்தினார். 1993 மே 18 அன்று 56.7 சதவீதம் ‘ஆம்’. வாக்குப்பதிவு 86.5, முதல் தடவையைவிடக் கூடுதல்.

பின்னே ஏன் ஒரு மார்க் குறைத்தோம்? அன்று இரவு கோபன்ஹேகனின் நோரெப்ரோ பகுதியில் கலவரம் வெடித்தது. போலீஸ் 113 தோட்டாக்கள் சுட்டது. பதினொரு பேருக்குக் காயம். ‘இல்லை’ என்றால் இல்லைதான் என்று நம்பியவர்களில் ஒரு பகுதிக்கு எழுவர் கூடி எழுதிய சமரசம் ஒரு பொருட்டாகவே படவில்லை. ஆனால் நீண்டகால உழைப்பில் இந்த மாடல் அசரவைக்கிறது. அன்று ஒட்டிய விலக்குகளை அரசு தன்னிஷ்டத்துக்குக் கிழித்து எறியவில்லை. நாணய விலக்கை நீக்கலாமா என்று 2000இல் மக்களைக் கேட்டார்கள்: இல்லை. நீதித்துறை விலக்கைத் தளர்த்தலாமா என்று 2015இல் கேட்டார்கள்: இல்லை. பாதுகாப்பு விலக்கை 2022 ஜூனில் கேட்டார்கள்: 66.9 சதவீதம் ஆம். முப்பது வருட வாரன்டி.

அயர்லாந்து: ஒரே கடையில் மூன்று தடவை

ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிகளைத் திருத்திய நைஸ் ஒப்பந்தம், 2001 ஜூன். 53.9 சதவீதம் ‘இல்லை’. வாக்குப்பதிவோ வெறும் 34.8. அடுத்த ஆண்டு அக்டோபரில் திரும்பக் கேட்டபோது 62.9 சதவீதம் ‘ஆம்’, வாக்குப்பதிவு 49.5. “பார்த்தீர்களா, மக்கள் மனம் மாறிவிட்டது” என்று அப்போது பேசினார்கள். சதவீதத்தைத் தள்ளிவைத்துவிட்டுத் தலைகளை எண்ணுங்கள். முதல் தடவை ‘இல்லை’ 5,29,478. இரண்டாவது தடவை ‘இல்லை’ 5,34,887. எதிர்த்தவர்கள் குறையவே இல்லை, ஒரு ஐயாயிரம் கூடினார்கள். ‘ஆம்’ மட்டும் 4,53,461இலிருந்து 9,06,317க்கு ஏறியது. மொத்தக் கணக்கு காட்டுவது மனமாற்றத்தை அல்ல. முதல் தடவை வீட்டில் இருந்தவர்கள் இந்தத் தடவை கிளம்பி வந்ததைத்தான். இந்த ஒரு கணக்கைப் பார்த்தாலே மறு வாக்கெடுப்பு எங்கே வேலை செய்யும் என்று பாதி புரிந்துவிடும். முதல் வாக்குப்பதிவு தாழ்வாக இருந்த இடத்தில்தான் இதற்கு இழுவைச் சக்தி உண்டு. பிரிட்டன், டென்மார்க், கியூபெக் போல 72, 83, 93 சதவீதம் பேர் வந்து சொல்லிவிட்டுப் போன இடத்தில் புதிதாக வர ஆளில்லை; அங்கே நிஜமாகவே மனங்கள் மாற வேண்டும்.

சீட்டிலும் மாற்றம் இருந்தது. நாட்டின் ராணுவ நடுநிலை போய்விடும் என்ற பயத்துக்கு 2002 ஜூனில் செவிய்யா உச்சி மாநாட்டில் ஓர் அறிவிப்பு வாங்கினார்கள். அது போதாதென்று, ஐரோப்பியப் பொதுப் பாதுகாப்பு அமைப்பில் அயர்லாந்து சேராது என்ற விதியை அரசியல் சாசனத் திருத்தத்துக்குள்ளேயே நுழைத்தார்கள். வெறும் வாக்குறுதிக்கும் சாசன விதிக்கும் உள்ள தூரம் வாக்காளருக்குத் தெரியும்.

ஒன்றியத்தின் விதிகளை அடுத்துத் திருத்திய லிஸ்பன் ஒப்பந்தம் வேறு கதை. 2008 ஜூனில் 53.4 சதவீதம் ‘இல்லை’. 2009 அக்டோபரில் 67.1 சதவீதம் ‘ஆம்’. இங்கே ‘இல்லை’ வாக்குகளே 8.62 லட்சத்திலிருந்து 5.95 லட்சத்துக்கு இறங்கின. ஐரோப்பிய ஆணையத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஓர் ஆணையர் நீடிப்பார், வரி, நடுநிலை, கருக்கலைப்பு விஷயங்களில் ஒன்றியம் கைவைக்காது என்ற உத்தரவாதங்கள் நடுவில் வந்தன. வங்கிகள் நொடித்த 2008 செப்டம்பரும் நடுவில் வந்தது. எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. பொருளாதாரம் சரியும்போது நடத்தும் மறு வாக்கெடுப்பில் பயமும் ஒரு வாக்காளர். அரை மார்க் அதற்காகக் குறைத்தது.

மூன்றாவது, விவாகரத்தை அனுமதிக்கலாமா என்ற கேள்வி. 1986இல் 63.5 சதவீதம் ‘இல்லை’. ஒன்பது ஆண்டு கழித்து 50.28 சதவீதம் ‘ஆம்’. வித்தியாசம் 9,114 வாக்கு. இடையில் அரசு சும்மா இருக்கவில்லை. மனைவிக்கு வீடும் சொத்தும் ஓய்வூதியமும் போய்விடுமே என்பதுதான் முதல் தடவை வென்ற பயம்; அதற்குரிய சட்டங்களை முதலில் போட்டுவிட்டு அப்புறம் கேள்வியைக் கொண்டுவந்தார்கள். ஆனால் கடைசி வாரத்தில் சறுக்கினார்கள். ‘ஆம்’ தரப்புக்கு மட்டும் அரசுப் பணம் 5 லட்சம் ஐரிஷ் பவுண்டு செலவழித்தது சாசன விரோதம் என்று வாக்குப்பதிவுக்கு ஒரு வாரம் முன்பு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்றுவரை அயர்லாந்தில் வாக்கெடுப்பு நடத்துகிறவர்கள் முதலில் படிப்பது அந்தத் தீர்ப்பைத்தான். இரண்டாம் வாக்கெடுப்பில் அரசு எப்போதும் ஒரு தரப்பு. கஜானா அதன் கையில். அதைக் கட்டிப்போடாமல் வாங்கினால் சரக்கில் விஷம் ஏறிவிடும்.

தயாரிப்புக்கு எத்தனை நாள்? பிரிட்டன் வரைபடம்

2016 ஜூன் 23 முடிவு: ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற 1,74,10,742, நீடிக்க 1,61,41,241. வாக்குப்பதிவு 72.2 சதவீதம். இரண்டாவது வாக்கெடுப்புக்கான முதல் பெரிய மனு நாடாளுமன்ற இணையதளத்தில் சில வாரத்தில் 41 லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. வேடிக்கை, அந்த மனு வாக்கெடுப்புக்கு ஒரு மாதம் முன்பே, மே மாதத்தில் பதிவானது. போட்டவர் வெளியேறும் தரப்புக்காரர். தன் தரப்பு தோற்கும் என்று பயந்து, ஜெயிக்கும் தரப்பு 60 சதவீதத்துக்குக் குறைந்து, வாக்குப்பதிவும் 75 சதவீதத்துக்குக் குறைந்தால் திரும்ப நடத்த வேண்டும் என்று கேட்டிருந்தார். முடிவு தலைகீழாக வந்ததும் எதிர்த் தரப்பு அதே மனுவைத் தூக்கிக்கொண்டது.

ஆர்டர் கொடுத்த அன்றே டெலிவரி கிடையாது. பிரிட்டனில் ஒரு வாக்கெடுப்பை ஆரம்பத்திலிருந்து கட்ட என்ன வேண்டும் என்று பாருங்கள். முதலில் தனிச் சட்டம். 2015இல் அதற்கு மே 28 முதல் டிசம்பர் 17 வரை, ஏறக்குறைய ஏழு மாதம் பிடித்தது. கூடவே தேர்தல் ஆணையம் கேள்வியின் வாசகத்தை வாக்காளர்களிடம் சோதித்துப் பார்க்க வழக்கமாகப் பன்னிரண்டு வாரம். அந்தச் சோதனை வெறும் சடங்கு அல்ல. ‘உறுப்பினராக நீடிக்க வேண்டுமா?’ என்று ஆம்-இல்லை பதில் கேட்ட முதல் வாசகம் இருக்கிற நிலைக்குச் சாய்வதாகச் சோதனையில் பட்டதால்தான் ‘நீடிக்க வேண்டுமா அல்லது வெளியேற வேண்டுமா’ என்று மாற்றினார்கள்.

அதற்குப் பிறகு 2000ஆம் ஆண்டுச் சட்டப்படி குறைந்தது பத்து வார வாக்கெடுப்புக் காலம். அதில் நாலு வாரம், அதிகாரபூர்வ பிரசாரக் குழுவாக இருக்க விண்ணப்பிக்க. இரண்டு வாரம், இரு தரப்புக்கும் தலா ஒரு குழுவை ஆணையம் தேர்ந்தெடுக்க. மிச்சம் நாலு வாரம் முழுப் பிரசாரம். 2016இல் அந்தக் குழுக்களுக்குச் செலவு வரம்பு 70 லட்சம் பவுண்டு, பொதுப் பணத்திலிருந்து 6 லட்சம் பவுண்டு வரை உதவி. சோதனையைச் சட்டத்தோடு பக்கத்திலேயே ஓடவிட்டுக் கூட்டினால் 22 வாரம். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் அரசியல் சாசன ஆய்வுப் பிரிவு 2018இல் போட்ட கணக்கும் அதே 22 தான். நாடாளுமன்றம் ஒரு நாள்கூட முரண்டு பிடிக்காத பட்சத்தில்.

இப்போது பிரச்சினையின் முடிச்சு. டென்மார்க்கிலும் அயர்லாந்திலும் முதல் முடிவு ‘இல்லை’. அதாவது இருக்கிற நிலை அப்படியே இருக்கும். அவசரமில்லை, ஆறு மாதமோ ஒன்பது வருடமோ யோசிக்கலாம். பிரிட்டனின் முதல் முடிவு ‘மாற்று’. 2017 மார்ச் 29 அன்று வெளியேறுவதாக ஒன்றியத்துக்கு 50ஆம் பிரிவுக் கடிதம் போனதும் இரண்டு வருடக் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிட்டது. ஓடும் வண்டியில் டயர் மாற்றுவதுபோல. 2019 மார்ச் மாதம் இதைச் சிந்தித்தவர்களுக்கு 22 வாரம் என்பதே ஆடம்பரம். கெடு ஏப்ரல் 12க்கும், பின் அக்டோபர் 31க்கும், பின் 2020 ஜனவரி 31க்கும் துண்டு துண்டாகத்தான் நீண்டது. 2019 மார்ச் 27 அன்று நாடாளுமன்றத்தில், வெளியேறும் ஒப்பந்தத்தை மக்களிடம் கொண்டுபோய் உறுதிப்படுத்தும் வாக்கெடுப்புக்கு ஆதரவு 268, எதிர்ப்பு 295. ஏப்ரல் 1 அன்று 280க்கு 292. பன்னிரண்டு வாக்கு. அத்தனை நெருங்கியும் தோற்றதற்குக் காரணம் கொள்கை எதிர்ப்பு மட்டும் இல்லை. சீட்டில் என்ன அச்சடிப்பது என்பதில் ஆதரவாளர்களுக்கே ஒருமித்த பதில் இல்லை.

சீட்டில் மூன்று கட்டம் வந்தால்

இந்தச் சரக்கின் உள்ளே இருக்கும் மிக ஆபத்தான பாகம் இது. கையேட்டில் சிவப்பு எழுத்தில் போட்டிருக்க வேண்டும். முதல் வாக்கெடுப்பில் இரண்டு கட்டம்: நீடி, வெளியேறு. ‘வெளியேறு’ என்பதற்குள்ளே இரண்டு பாதை ஒளிந்திருந்தது: ஒப்பந்தத்தோடு போவது, ஒப்பந்தமின்றிப் போவது. இரண்டாவது தடவை மூன்றையும் அச்சடித்தால் என்ன ஆகும்?

கற்பனையாக நூறு வாக்காளர் என்று வைத்துக்கொள்வோம். 45 பேருக்கு முதல் விருப்பம் நீடிப்பது, அடுத்தது ஒப்பந்தம், கடைசி ஒப்பந்தமின்மை. 35 பேருக்கு முதலில் ஒப்பந்தமின்மை, அடுத்து ஒப்பந்தம், கடைசி நீடிப்பது. 20 பேருக்கு முதலில் ஒப்பந்தம், அடுத்து ஒப்பந்தமின்மை, கடைசி நீடிப்பது.

அதிக வாக்கு வாங்கியது வெற்றி என்றால், 45 வாங்கிய ‘நீடிப்பது’ ஜெயிக்கும். 55 பேர் அதைக் கடைசியில் வைத்திருக்கிறார்கள் என்பது கணக்கில் வராது. விருப்ப வரிசை முறையில் எண்ணினால், 20 மட்டும் வாங்கிய ‘ஒப்பந்தம்’ முதலில் வெளியேறும். அந்த இருபதும் ஒப்பந்தமின்மைக்குப் போய் 55 ஆகி, அது ஜெயிக்கும். இரண்டிரண்டாக மோதவிட்டால் ‘ஒப்பந்தம்’ நீடிப்பதை 55-45 என்றும், ஒப்பந்தமின்மையை 65-35 என்றும் வீழ்த்தி அது ஜெயிக்கும். ஒரே நூறு பேர், ஒரே மனசு, மூன்று எண்ணும் முறை, மூன்று வெற்றியாளர். ஆகவே எந்த முறை என்று தீர்மானிக்கும் குழுவின் கையில்தான் உண்மையான வாக்கு இருக்கும். அது தெரிந்த பிறகு தோற்ற தரப்பு முடிவை ஏற்குமா?

மூன்று கட்டம் தவிர்க்கவே முடியாது என்றால் இரண்டு சுற்றாக நடத்துவது மேல். நியூஃபவுண்ட்லாந்து 1948இல் அதைத்தான் செய்தது. ஜூன் 3 அன்று மூன்று வாய்ப்பு: பொறுப்பாட்சி, அதாவது தன்னாட்சி 44.6, கனடாவோடு இணைப்பு 41.1, பிரிட்டன் அமர்த்திய ஆணையத்தின் அப்போதைய ஆட்சியே தொடர்வது 14.3 சதவீதம். கடைசியை நீக்கிவிட்டு ஜூலை 22 அன்று மீதி இரண்டை மோதவிட்டார்கள், இணைப்பு 52.3 சதவீதத்தில் வென்றது. முதல் சுற்றில் முந்தியது இரண்டாவது சுற்றில் தோற்றது. ஆனாலும் யாருக்குப் பாதிக்கு மேல் ஆதரவு என்பதில் சந்தேகம் எழ வழியில்லை.

புகைந்த மாடல்கள்

நியூ கலிடோனியாவில் பிரான்சிடமிருந்து விடுதலை வேண்டுமா என்று மூன்று தடவை வரை கேட்கலாம் என்பது 1998 நூமெயா உடன்படிக்கையிலேயே எழுதியிருந்தது. 2018இல் 56.7 சதவீதம் ‘இல்லை’, 2020இல் 53.3. இடைவெளி சுருங்கிக்கொண்டே வந்த நேரத்தில் மூன்றாவதை 2021 டிசம்பர் 12க்கு வைத்தார்கள். கோவிட் சாவுகளுக்குக் பூர்வகுடிகளான கனக் மக்கள் துக்கம் காக்கும் காலம், தள்ளிவையுங்கள் என்று விடுதலைத் தரப்பு கேட்டது. பாரிஸ் மறுத்தது. அந்தத் தரப்பு மொத்தமாகப் புறக்கணித்தது. முடிவு 96.5 சதவீதம் ‘இல்லை’, வாக்குப்பதிவு 85.7இலிருந்து 43.9க்கு விழுந்தது. காகிதத்தில் சரித்திர வெற்றி, தரையில் செல்லாக்காசு. முன்கூட்டியே ஒப்புக்கொண்ட எண்ணிக்கை மட்டும் போதாது, தேதியிலும் இரு தரப்புக்கும் கை இருக்க வேண்டும்.

கனடாவிலிருந்து பிரிவதா என்று கேட்ட கியூபெக் இன்னொரு வகை. 1980இல் 59.6 சதவீதம் ‘இல்லை’. 1995இல் 50.58, வித்தியாசம் 54,288 வாக்கு. வாக்குப்பதிவு 93.5 சதவீதம், நிராகரிக்கப்பட்ட சீட்டுகளோ சுமார் 86,000. வித்தியாசத்தைவிடச் செல்லாத சீட்டு அதிகம் என்றால் எந்தத் தரப்புக்குத் தூக்கம் வரும்? கேள்வியும் ஒரே மூச்சில் படிக்க முடியாதது. 2000இல் கனடா நாடாளுமன்றம் தெளிவுச் சட்டம் போட்டு, தெளிவான கேள்வியும் தெளிவான பெரும்பான்மையும் இல்லாமல் பிரிவினைப் பேச்சே இல்லை என்றது. எத்தனை சதவீதம் தெளிவு என்று மட்டும் எழுதாமல் விட்டது.

சதவீத வரம்பை எழுதி வைத்தால் தீர்ந்துவிடும் என்று நினைப்பவர்கள் தனக்கென ஒரு சட்டமன்றம் வேண்டுமா என்று கேட்ட 1979 ஸ்காட்லாந்தைப் பார்க்கலாம். பதிவான வாக்கில் 51.6 சதவீதம் ‘ஆம்’. ஆனால் மொத்த வாக்காளரில் 40 சதவீதம் வேண்டும் என்ற விதியால் 32.9இல் நின்று தோற்றது. வீட்டில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் ‘இல்லை’ போட்டதாகக் கணக்கு. அந்தக் கசப்பு பதினெட்டு வருடம் கிடந்து, 1997இல் 74.3 சதவீதமாகத் திரும்ப வந்தது.

வாங்காமல் வேறு கடைக்குப் போனவர்களும் உண்டு. கொலம்பியாவில் 2016 அக்டோபர் 2 அன்று ஃபார்க் கிளர்ச்சிப் படையோடு செய்த சமாதான ஒப்பந்தம் 50.2 சதவீத எதிர்ப்பில் தோற்றது. திருத்தி எழுதிய ஒப்பந்தத்தை நவம்பர் முடிவதற்குள் நாடாளுமன்றம் வழியாகவே நிறைவேற்றினார்கள். பிரான்சும் நெதர்லாந்தும் 2005இல் நிராகரித்த ஐரோப்பிய அரசியல் சாசனத்தின் பெரும்பகுதி, 2007இல் லிஸ்பன் ஒப்பந்தமாக அந்த இரண்டு நாட்டு மக்களையும் கேட்காமலே வந்தது. மறு வாக்கெடுப்பு அவமரியாதை என்று பேசுகிறவர்கள் இந்த மாற்றுச் சரக்கையும் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். திரும்பக் கேட்பது எரிச்சல். கேட்காமலே செய்வது அதைவிட மோசம்.

வாங்குவதானால் முன்பதிவு

முதல் வாக்கெடுப்பு முடிந்த பிறகு வாங்கினால் இது தோற்றவர்களின் அழுகையாகத்தான் தெரியும். அதற்கு முன்பே வாங்கியவர்கள் நியூசிலாந்துக்காரர்கள். 1992 செப்டம்பர் சீட்டில் இரண்டு பகுதி: தேர்தல் முறை மாற வேண்டுமா, மாறினால் இந்த நான்கில் எது? முதல் கேள்விக்கு ‘வேண்டாம்’ போட்டவரும் இரண்டாவதில் வாக்களிக்கலாம். 84.7 சதவீதம் மாற்றம் என்றது. நான்கில், தொகுதி உறுப்பினர்களோடு கட்சிகளின் வாக்கு விகிதத்துக்கேற்பவும் இடம் தரும் கலப்பு விகிதாசார முறை 70.5 சதவீதம் வாங்கியது. அதோடு மாறிவிடவில்லை. அந்த முறைக்கான முழுச் சட்டத்தையும் எழுதி நிறைவேற்றி, மக்கள் ஆம் சொன்னால் மட்டும் அமலாகும் என்று அலமாரியில் வைத்தார்கள். பிறகு 1993 நவம்பரில் பழையதையும் புதியதையும் நேருக்கு நேர் நிறுத்திக் கேட்டார்கள். 70.5 இப்போது 53.9 ஆகச் சுருங்கியது. கற்பனையில் பிடித்ததற்கும் அச்சடித்த சட்டத்தைப் பார்த்த பிறகு பிடித்ததற்கும் இடையில் அவ்வளவு தூரம். ஆனாலும் ஜெயித்தது. 2011இல் இன்னொரு தடவை சரிபார்த்தார்கள், 57.8 சதவீதம் வைத்துக்கொள்ளுங்கள் என்றது. அரை மார்க் ஏன் குறைந்தது என்றால், முதல் சுற்றுக்கு வந்தவர்கள் சுமார் 55 சதவீதம்தான். பொதுத்தேர்தலோடு சேர்த்து நடத்திய இரண்டாவது சுற்றில்தான் கூட்டம் வந்தது.

அடிக்கடி ஆர்டர் போடாமல் தடுக்கும் பூட்டும் சில நாடுகளில் கிடைக்கிறது. இத்தாலியில் ஒரு சட்டத்தை ரத்து செய்யக் கோரிய வாக்கெடுப்பு தோற்றால் அதே கோரிக்கையை ஐந்து ஆண்டுக்குத் திரும்பக் கொண்டுவர முடியாது. வட அயர்லாந்து பிரிட்டனில் நீடிப்பதா, அயர்லாந்தோடு இணைவதா என்று கேட்கும் எல்லை வாக்கெடுப்புக்கு 1998 சட்டத்தில் ஏழு ஆண்டு இடைவெளி. இரண்டும் அந்தந்தச் சட்டத்தின் கீழ் முதல் சீட்டு அச்சாகும் முன்பே எழுதப்பட்டவை. யார் ஜெயிப்பார் என்று தெரியாத நேரத்தில் எழுதியவை.

பிரிட்டனின் 2015 வாக்கெடுப்புச் சட்டத்தைப் புரட்டினால் கேள்வியின் வாசகம் இருக்கிறது. எந்தத் தேதிக்குள் நடத்த வேண்டும், ஜிப்ரால்டர்வாசிகளுக்கு வாக்கு உண்டா, யார் எவ்வளவு செலவழிக்கலாம், எல்லாம் இருக்கிறது. முடிவு வந்த மறுநாள் காலை என்ன செய்வது என்பதற்கு ஒரு வரிகூட இல்லை.